தலையீத்து

பிப்ரவரி 2
மகப்பேறு வார்டு, முதல் மாடி

அண்ணிக்கு,

நீங்கள் என் வீட்டைத் திறந்து ஆட்டுக்கொட்டகைக்குள் போயிருக்கிறீர்கள் என்று பால் வண்டிக்காரர் வந்து சொன்னார். நான் நம்பவில்லை. தையல் மெஷினையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினீர்கள் என்று சொன்ன பிறகுதான் நம்பினேன். இரண்டு வருஷமாக என் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர் வந்திருக்கிறீர்கள். நன்றி. உங்கள் தம்பி கப்பலில் சமைத்துக்கொண்டிருக்கிறார், அடுத்த மாதக் கடைசிக்கு முன்னால் கரை இறங்க முடியாதாம். நான் உங்களைக் கேட்கவில்லை, நீங்களாக வந்தீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு பேச்சு வரக் கூடாது.

கொட்டகையில் பத்தொன்பது செம்மறி சினையாக இருக்கின்றன. ஐந்து பழைய ஆடுகள், காதில் சிவப்புத் தோடு. மீதி பதினான்கும் தலையீத்து, அதாவது முதல்முறையாகக் குட்டி போடப் போகிறவை. அவற்றுக்கு மஞ்சள் தோடு. இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள். சிவப்புத் தோட்டுக்காரிகளுக்கு நீங்கள் போய்ச் சொல்லித்தர ஒன்றுமில்லை. குட்டி விழுந்ததும் நக்கித் துடைத்து எழுப்பி மடிக்குத் தள்ளிவிட்டு, இன்னும் ஏன் நிற்கிறாய் என்று உங்களை ஒரு பார்வை பார்ப்பார்கள்.

மஞ்சள்காரிகளுக்கு என்ன நடந்ததென்றே தெரியாது. பின்னால் ஏதோ விழுந்தது என்று பயந்து ஓடுவாள் ஒருத்தி. குட்டி எழுந்து மடியைத் தேடி வந்தால் எதிரி வருவதுபோல் சுற்றிச் சுற்றி விலகுவாள் இன்னொருத்தி. குட்டி போட்டதும் தாயையும் குட்டியையும் ஓரத்துத் தடுப்புக்குள் விட்டுவிடுங்கள். கூட்டம் போடாதீர்கள். குட்டியைத் துடைக்காதீர்கள், அந்த ஈரத்தின் வாசனையை வைத்துத்தான் அது தன்னுடையது என்று அவள் தெரிந்துகொள்ள வேண்டும். முக்கியமாக, பிரிக்காதீர்கள். பழைய ஆட்டிடமிருந்து குட்டியை அரை நாள் எடுத்து வைத்திருந்தாலும் திரும்பக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும். தலையீத்து ஆட்டை முதல் ஒரு மணி நேரம் பிரித்தாலே போச்சு.

எனக்கு ஆபரேஷன் தையல் இன்னும் ஆறவில்லை, பிரஷர் இறங்கவில்லை, இன்னும் இரண்டு வாரமாவது வைத்திருப்பார்களாம். குழந்தை மூன்றாவது மாடியில் இருக்கிறது. நலம் என்கிறார்கள்.

உங்கள் தம்பி மனைவி


பிப்ரவரி 4

தம்பி பெண்சாதிக்கு,

உன்னோடு ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று என் மகள் கல்யாணத்தில் அத்தனை பேர் முன்னால் சொன்னேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். ஃபோன் செய்தால் எடுக்க மாட்டேன், செய்து பார்க்காதே. பால் வண்டிக்காரர் ஆஸ்பத்திரிக்குத் தினமும் பால் போடுகிறவர், அவரிடமே கொடுத்து அனுப்பு.

வந்தது உனக்காக இல்லை. எட்டாம் மாதம்கூட முடியாமல் ஆம்புலன்ஸில் போனாய் என்று கேள்விப்பட்டதும் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. என் தம்பியின் வீட்டில் பத்தொன்பது வாயில்லா ஜீவன் தண்ணீர் இல்லாமல் கத்துகிறது என்றார்கள். மனுஷி போகாமல் இருப்பாளா?

இதுவரை நான்கு ஆடு குட்டி போட்டுவிட்டது. சிவப்புத் தோடு இரண்டு, மஞ்சள் இரண்டு. நீ சொன்னது சரிதான். சிவப்புக்காரி என்னைப் பார்த்த பார்வைக்கு நான் தானாகவே வெளியே வந்துவிட்டேன். மஞ்சள்காரி ஒருத்தி குட்டி போட்டதைக்கூடக் கவனிக்காமல் வைக்கோலுக்குப் போய்விட்டாள். கழுத்தைப் பிடித்துக் கொண்டுவந்து, "உன்னுதுதான்டி, பாரு" என்று கெஞ்சினேன். நாற்பது வருஷமாகத் துணி தைக்கிறேன், எந்த வாடிக்கைக்காரியிடமும் இவ்வளவு கெஞ்சியதில்லை. கடைசியில் மோந்து பார்த்தாள், நக்கினாள்.

நிற்க. உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஆட்டைப் பற்றி ஒன்றரைப் பக்கம். குழந்தையைப் பற்றி ஒரே ஒரு வரி. ஆணா பெண்ணா என்றுகூட இல்லை. பால் வண்டிக்காரர்தான் பெண் என்றார். என் தம்பி மகளைப் பற்றிப் பால் வண்டிக்காரர் சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. யார் ஜாடை? மூக்கு எங்கள் பக்கத்து மூக்கா? எடை என்ன? பால் கொடுக்கிறாயா? ஒழுங்காகப் பதில் எழுது.

உன் நாத்தனார்


பிப்ரவரி 6

அண்ணிக்கு,

மஞ்சள்காரியைக் கழுத்தைப் பிடித்துக் கொண்டுவந்தது சரி. ஆனால் கெஞ்சும்போது சத்தம் போடாதீர்கள், அவளுக்கு உங்கள் குரல் புதிது. தண்ணீர்த் தொட்டியின் குழாயை இடது பக்கம் திருகினால்தான் முழுதாக நிற்கும். வைக்கோலைத் தினமும் மாற்றுங்கள்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். மூக்கு யாருடையது என்று தெரியாது. மூக்கில் குழாய் போட்டு பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறார்கள். எடை ஒன்றரைக் கிலோ என்று அட்டையில் எழுதியிருந்தது. பால் பிழிந்து பாட்டிலில் கொடுத்தனுப்புகிறேன், அவர்கள் குழாய் வழியாகக் கொடுக்கிறார்கள்.

இரண்டாம் நாள் சக்கர நாற்காலியில் வைத்து மேலே தள்ளிக்கொண்டு போனார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிறுத்தினார்கள். உள்ளே பெட்டி பெட்டியாகக் குழந்தைகள். "எது?" என்று கேட்டேன். "ஏழாம் நம்பர்" என்றாள் நர்ஸ். பார்த்தேன். என் கையைவிடச் சின்னது, ஒரு தொப்பி, காலில் ஒரு பட்டை. நான் அழுவேன் என்று நர்ஸ் கையில் டிஷ்யூ பேப்பர் வைத்துக்கொண்டு தயாராக நின்றாள். எனக்குள் ஒன்றுமே நடக்கவில்லை, அண்ணி. தையல் வலித்தது, பசித்தது, கொட்டகைக் கதவைத் தாழ் போட்டேனா என்று யோசனை ஓடியது. அந்தப் பெண் ஏமாந்துபோகக் கூடாதே என்று டிஷ்யூவை வாங்கி மூக்கைத் துடைத்துக்கொண்டு கீழே வந்துவிட்டேன். அப்புறம் போகவில்லை. தினமும் கூப்பிடுகிறார்கள், தலை சுற்றுகிறது என்று சொல்லிவிடுகிறேன்.

பதினோரு வருஷம் காத்திருந்து வந்த குழந்தை. வெளியே எடுத்தபோது எனக்கு மயக்கம். அழுகையைக் கேட்கவில்லை, தொடவில்லை, மோந்துகூடப் பார்க்கவில்லை. கண் விழித்தபோது அது மூன்றாவது மாடிக்குப் போய்விட்டிருந்தது. ஒரு மணி நேரம் பிரித்தால் போச்சு என்று உங்களுக்கு எழுதினேனே, அதை எழுதும்போதே என் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்கு இன்றோடு எட்டு நாள்.

இதை உங்கள் தம்பிக்கு எழுதாதீர்கள்.


பிப்ரவரி 8

என்னடி இது,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் இங்கே நான் ஒரு காரியம் செய்து வைத்திருக்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், திட்டுவதானால் திட்டு.

நேற்று காலை நல்ல மழை. கொட்டகையின் மேற்குப் பக்கம் சாரல் அடித்துத் தரை முழுக்கத் தண்ணீர். அதிலேயே இரண்டு ஆடு ஒரே நேரத்தில் குட்டி போட்டுவிட்டது. ஒன்று சிவப்புத் தோட்டுப் பெரியவள், நெற்றியில் வெள்ளை உள்ளவள். இன்னொன்று மஞ்சள், ஒரு காது மடங்கி இருக்குமே, அந்தப் பெண். இரண்டு குட்டியும் ஜில்லிட்டுக் கிடந்தது. வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தேன், ஐஸ் மாதிரி இருந்தது. செத்துவிடும் என்று பயந்து இரண்டையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினேன்.

அடுப்பு பக்கத்தில் வைத்துச் சூடு காட்டினேன். அதோடு விட்டிருக்கலாம். உடம்பெல்லாம் சேறும் பிசுபிசுப்புமாக இருந்தது. அழுக்குத் துணியைக் கண்டால் என் கை சும்மா இருக்காது, உனக்குத் தெரியும். வெந்நீர் வைத்து, சோப்புப் போட்டு, இரண்டையும் பளிச்சென்று குளிப்பாட்டிவிட்டேன். வாசனை சோப்பு. ஃபிளானல் துணியில் ஆளுக்கு ஒரு சட்டைகூடத் தைத்துப் போட்டேன். துடைக்காதே என்று நீ எழுதியது அப்போது நினைவுக்கே வரவில்லை. உயிர் வந்து இரண்டும் கத்த ஆரம்பித்ததும் எனக்கு ஒரே பெருமை. நான்கு மணி நேரம் கழித்துத் திரும்பக் கொண்டுபோய் விட்டேன்.

பெரியவள் சட்டையை மோந்தாள். தும்மினாள். என்னை ஒரு முறை முறைத்தாள். பிறகு குட்டியின் வால் பக்கம் மூக்கை வைத்துக் குறுகுறுவென்று ஏதோ சொல்லிக்கொண்டே காலை அகட்டி நின்றுவிட்டாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

மடக்குக்காதி மோந்தாள். பின்னால் போனாள். குட்டி அவளை நோக்கி நடந்தது. தலையைக் குனிந்து ஒரே முட்டு, குட்டி சுவரில் போய் விழுந்தது. எழுந்து மறுபடி போனது. மறுபடி முட்டினாள். குட்டிக்கு மூக்கில் ரத்தம். நான் நடுவில் விழுந்து எடுத்துக்கொண்டேன். சட்டையைக் கழற்றிவிட்டும் பார்த்தேன். இன்று காலையும் அப்படியேதான்.

நான் என்ன செய்யட்டும்? சீக்கிரம் எழுது. உன் விஷயத்துக்கு நாளை எழுதுகிறேன், குட்டி பாலுக்குக் கத்துகிறது.

அண்ணி


பிப்ரவரி 9

அண்ணிக்கு,

வாசனை சோப்பு! துடைக்காதீர்கள் என்று எழுதினேன், குளிப்பாட்டாதீர்கள் என்று தனியாக எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. இருபது வருஷத்தில் ஆட்டுக்குட்டிக்குச் சட்டை தைத்துப் போட்ட ஆளை நான் பார்த்ததில்லை.

சரி, திட்டியாகிவிட்டது. நீங்கள் தூக்கிக்கொண்டு ஓடாமல் இருந்திருந்தால் இரண்டும் செத்திருக்கும், அது எனக்குத் தெரியும்.

இப்போது செய்ய வேண்டியது. மடக்குக்காதியின் தலையைத் தடுப்புச் சட்டத்துக்குள் விட்டுக் கட்டுங்கள், திரும்பி முட்ட முடியாதபடி. படுக்கவும் தின்னவும் முடிய வேண்டும். அவள் பாலையே கொஞ்சம் கறந்து குட்டியின் முதுகிலும் வாலிலும் தடவுங்கள். இரண்டு மணிக்கு ஒருமுறை குட்டியை மடியில் பிடித்து ஊட்டுங்கள், உதைத்தால் பின்னங்காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான்கு நாள் பாருங்கள். அதற்குள் குரல் மாறி, மெதுவாகக் குட்டியைக் கூப்பிட ஆரம்பித்தால் தப்பித்தோம். இல்லையென்றால் இனி எப்போதும் இல்லை. குட்டியை எடுத்து, பழகிய தாய் யாரிடமாவது விட்டுப் பார்க்க வேண்டும். அனுபவம் உள்ளவள் அடுத்தவள் குட்டியைக்கூடச் சில நேரம் வாங்கிக்கொள்வாள்.

இதைத்தான் நான் சொல்ல வந்தேன். நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன், மருந்து மயக்கத்தில் இல்லை. குழந்தையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், அண்ணி.

மூன்று பெற்று வளர்த்தவர் நீங்கள். உங்களுக்குக் கை பழகியிருக்கிறது. எனக்கு முப்பத்தொன்பது வயது. குட்டியைச் சுவரில் முட்டுகிற ஆட்டை நான் எத்தனை பார்த்திருக்கிறேன் தெரியுமா? அது கெட்ட ஆடு இல்லை. அதற்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஆனால் குட்டிக்கு ரத்தம் வருவது வருவதுதானே. குழாயை எடுத்துவிட்டார்களாம், பதிமூன்றாம் தேதி காலை நான் மேலே போய்க் குழந்தையை நெஞ்சோடு ஒட்ட வைத்துப் படுத்திருக்க வேண்டும் என்கிறார் பெரிய டாக்டர். தூக்கும்போது ஒன்றும் தோன்றாமல், அது முகத்தைத் தெரிந்துகொண்டு என்னைத் தேட ஆரம்பித்துவிட்டால்? அதற்கு முன்னாலேயே கை மாறிவிட்டால் அதற்குத் தெரியாது.

உங்கள் தம்பியிடம் நான் பேசிக்கொள்கிறேன். அன்று கல்யாணத்தில் கொட்டகை அழுக்குச் சேலையோடு தாமதமாக வந்து நின்ற என்னைப் பார்த்து, "ஆட்டுக்குப் பிரசவம் பார்க்கத்தான் இவளுக்குத் தெரியும்" என்றீர்கள். இரண்டு வருஷமாக அதை மறக்கவில்லை. பதிலுக்கு நான், உங்கள் பிள்ளைகள் மூன்று பேரும் உங்களிடமிருந்து தப்பித்து ஓடினார்கள் என்றேன். நான் சொன்னது பொய். நீங்கள் சொன்னது உண்மையாகிவிட்டது.

பன்னிரண்டாம் தேதிக்குள் சரி என்றோ முடியாது என்றோ எழுதுங்கள்.


பிப்ரவரி 11

அடியே,

குழந்தை என்ன ஜாக்கெட்டா, அளவு சரியில்லை என்று திருப்பிக் கொடுக்க?

வாய்க்கு வந்ததை எல்லாம் எழுதாதே. உடம்பில் ரத்தம் இல்லை, சரியாகச் சாப்பிடுகிறாயா என்றும் தெரியவில்லை. வார்டில் என்ன கொடுக்கிறார்கள்? தையல் பக்கம் சிவந்திருக்கிறதா? சிவந்திருந்தால் டாக்டரிடம் காட்டு, கூச்சப்படாதே.

மடக்குக்காதியைக் கட்டிவிட்டேன். சட்டத்தில் ஒரு ஆணி நீட்டிக்கொண்டிருந்தது, அவள் கழுத்தில் குத்தக் கூடாதே என்று பழைய துணியைச் சுற்றியிருக்கிறேன். இரண்டு மணிக்கு ஒருமுறை ஊட்டுகிறேன். உதைக்கிறாள். என் முழங்காலில் இரண்டு இடத்தில் ரத்தம் கட்டியிருக்கிறது. இன்னும் இரண்டு நாள் இருக்கிறது, பார்ப்போம். நீயும் பொறு. நீ கேட்டதற்கு இந்தக் கடிதத்தில் பதில் இல்லை.

அண்ணி


பிப்ரவரி 12

ஆட்டுக்காரிக்கு,

வாங்கிக்கொண்டுவிட்டாள்! காலையில் பால் தடவிக் குட்டியை விட்டேன். உதைக்கவில்லை. கழுத்துக் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் பயந்துகொண்டே நின்றேன். திரும்பிப் பார்த்தாள். குட்டி மடியில் முட்டி முட்டிக் குடிக்கிறது, வால் ஆடுகிற ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமே. மடக்குக்காதி குனிந்து அதன் தலையை நக்குநக்கென்று நக்கினாள். குரலும் மாறிவிட்டது, நீ சொன்ன மாதிரியே மெதுவாகக் கூப்பிடுகிறாள்.

தலையீத்து. பிரிந்து ஐந்தாம் நாள். சோப்புப் போட்டு வாசனையே இல்லாத குட்டி. அதையே வாங்கிக்கொண்டாள்.

உன் கணக்கு தப்பு, ஆட்டுக்காரி. நாளைக் காலை மேலே போ. வேறு எதுவும் எழுத நேரமில்லை, வண்டி நிற்கிறது.

அண்ணி


பிப்ரவரி 15

அண்ணிக்கு,

போனேன்.

பதிமூன்றாம் தேதி காலை உங்கள் கடிதம் கைக்கு வந்தது. அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு மேலே போனேன். சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, சட்டையைத் திறந்துவிட்டு, குழந்தையை எடுத்து நெஞ்சில் வைத்து மேலே ஒரு துணியால் கட்டினார்கள். கனமே இல்லை. வெதுவெதுப்பாக இருந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், மூச்சுவிட்டால் அது விழுந்துவிடும் என்பதுபோல. பாசம் பொங்கவில்லை. உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். இருபது நிமிஷமும் பக்கத்து மெஷினில் ஓடுகிற நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் அதற்கு விக்கல் வந்தது. என் மேல் இன்னொரு ஜீவன் விக்குகிறது, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தையல் வலிக்கிறது. அப்படியே சிரித்தேன், வலித்தது.

மாலையில் அவர்கள் கூப்பிடாமலேயே போனேன். நேற்று இரண்டு முறை. இன்று காலை புதிதாக ஒரு நர்ஸ். எடை பார்க்க ஏழாம் நம்பரிலிருந்து குழந்தையை எடுத்தாள். தலைக்கு அடியில் கை கொடுக்காமல் சட்டென்று தூக்கிவிட்டாள். கதவுக்கு வெளியே இருந்து நான் போட்ட சத்தத்தில் எல்லாப் பெட்டியிலும் குழந்தைகள் விழித்துக்கொண்டு அழுதன. "மெதுவாத் தூக்கும்மா, அது என் குழந்தை!" பெரிய டாக்டரே வந்துவிட்டார். எனக்கு வந்தது கோபம். பாசமா என்று கேட்காதீர்கள், தெரியாது. அந்தப் பெண்ணை முட்டித் தள்ள வேண்டும் போல் இருந்தது.

இன்னொரு விஷயம். குட்டியின் தலையை மடக்குக்காதி நக்கினாள் என்று எழுதியிருந்தீர்கள். ஐந்து நாள் ஆன குட்டியை எந்த ஆடும் நக்காது அண்ணி, அது ஈன்ற அன்று ஈரம் காய்கிற வரைக்கும்தான். பால் குடிக்கும்போது வால் பக்கம்தான் மோந்து பார்க்கும். பெரியவளைப் பற்றி எழுதும்போது அதைச் சரியாக எழுதியிருந்தீர்கள், ஏனென்றால் அதைக் கண்ணால் பார்த்தீர்கள்.

கடிதத்தைப் படித்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துதான் மேலே போனேன். என்ன நடந்தது என்று சொல்லுங்கள்.


பிப்ரவரி 17

ஆட்டுக்காரிக்கு,

பொய்தான். உன்னிடம் ஆட்டைப் பற்றிப் பொய் சொல்லிப் பிழைக்க முடியாது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மடக்குக்காதி கடைசிவரை வாங்கிக்கொள்ளவில்லை. நான்காம் நாள் அவிழ்த்துவிட்டதும் குட்டியைத் துரத்தித் துரத்தி முட்டினாள். பெரியவளிடம் விட்டுப் பார்த்தேன், அவளும் தன் குட்டி போதும் என்று தள்ளிவிட்டாள். இப்போது அது வீட்டுக்குள் என் தையல் மெஷினுக்கு அடியில் படுத்திருக்கிறது. பாட்டிலில் பால் குடிக்கிறது, மிதி கட்டையில் தலைவைத்துத் தூங்குகிறது, அதனால் இரண்டு நாளாக ஒரு சட்டையும் தைக்க முடியவில்லை. நன்றாக இருக்கிறது. மற்ற ஆடுகளில் இனி மூன்றுதான் பாக்கி. போட்டவை எல்லாம் குட்டியோடு சேர்ந்துவிட்டது.

ஏன் பொய் எழுதினேன் என்று கேட்கிறாய். சொல்லத்தான் வேண்டும்.

பதினொன்றாம் தேதி உனக்கு நான் இரண்டு கடிதம் எழுதினேன். உனக்கு வந்தது இரண்டாவது. முதல் கடிதத்தில், சரி, குழந்தையை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தேன். என் வீட்டுப் பின் அறையில் கட்டிலை நகர்த்தினால் தொட்டிலுக்கு இடம் இருக்கிறது என்று எழுதியிருந்தேன். மூன்று பேரும் போனபிறகு அந்த வீட்டில் மெஷின் சத்தத்தைத் தவிர ஒரு சத்தமும் கிடையாது. நீ அன்று சொன்னதில் பொய் ஒன்றும் இல்லையடி, அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. நீ கேட்பதற்கு முன்னாலேயே, ஒன்றரைக் கிலோ என்று படித்த அன்றே, நான் நான்கு சின்னச் சட்டை வெட்டி வைத்திருந்தேன். உன் குழந்தைக்கு என்றுதான் வெட்டினேன். தைக்கும்போது என் குழந்தைக்கு என்று ஆகிவிட்டது.

அந்தக் கடிதத்தைப் பால் வண்டிக்காரரிடம் கொடுத்தும் விட்டேன். வண்டி கிளம்பிய பிறகுதான் ஒன்று உறைத்தது. இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன், தொட்டில், பாட்டில், சட்டை எல்லாம் இருக்கிறது. உன் தையல் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி இல்லை. நீ இல்லாத மாதிரியே எழுதியிருந்தேன். வெறுங்காலோடு ஓடினேன். தெரு முனைவரை ஓடி, வண்டிக்கு முன்னால் போய் நின்று, திரும்ப வாங்கினேன். "என்னம்மா, காதல் கடிதமா?" என்று கேட்டார் அந்த மனுஷர். அடுப்பில் போட்டு எரித்துவிட்டு உன்னைத் திட்டி ஒன்று எழுதினேன்.

மறுநாள் ஆடு முட்டியது. உண்மையை எழுதியிருந்தால் நீ மேலே போயிருக்கமாட்டாய். குழந்தை என் வீட்டுக்கு வந்திருக்கும். ஒரு வார்த்தை பொய் இல்லாமல் வந்திருக்கும். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அதனால்தான் அவசர அவசரமாகப் பொய்யை எழுதினேன், யோசித்தால் எழுதியிருக்க மாட்டேன்.

உனக்குச் சொல்ல என்னிடம் ஒரு உண்மையும் இருந்தது. மூத்தவன் பிறந்தபோது நான்கு மாதம் எனக்கு அவன் மேல் ஒன்றும் கிடையாது. பால் கொடுப்பேன், குளிப்பாட்டுவேன், பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற மாதிரி இருக்கும். எப்போது மாறியது என்று எனக்கே தெரியாது. அடுத்த இரண்டும் கையில் வாங்கிய நிமிஷமே ஒட்டிக்கொண்டது. இதை என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. என் கதையைச் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைப்பாய், ஆட்டைச் சொன்னால் நம்புவாய் என்று கணக்குப் போட்டேன். அதுவும் தப்பாகப் போய்விட்டது.

பொய் என்று தெரிந்தும் ஏனடி போனாய்?

அண்ணி


பிப்ரவரி 19

அண்ணி,

உங்களுக்குப் பொய் சொல்ல வராது. கல்யாண வீட்டில் அத்தனை பேர் முன்னால் மனதில் இருப்பதை அப்படியே கொட்டுகிறவர். அப்படிப்பட்டவர் மெனக்கெட்டு உட்கார்ந்து ஒரு ஆட்டை நக்க வைத்து, வாலை ஆட்ட வைத்து எழுதியிருக்கிறாரே என்று இருந்தது. குட்டியை மடிக்குத் தள்ளுகிற மாதிரி என்னை யாரும் இவ்வளவு தூரம் தள்ளிவிட்டதில்லை. அதனால் போனேன்.

எரித்த கடிதத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். கோபம் இல்லை. ஆனால் பயம் வந்தது. எட்டு நாளுக்கு முன்னால் அந்தக் கடிதம் வந்திருந்தால் நான் கையெழுத்தே போட்டுக் கொடுத்திருப்பேன் என்று நினைத்ததும் எழுந்து மேலே ஓடினேன், ஏழாம் நம்பர் இருக்கிறதா என்று பார்க்க. இருந்தாள். தூங்கிக்கொண்டிருந்தாள். நீங்கள் இனி கேட்டாலும் தரமாட்டேன், அண்ணி. வருத்தப்படாதீர்கள். அந்த நான்கு சட்டையையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், பார்க்கும் நேரம் காலை பத்திலிருந்து பன்னிரண்டு. மூக்கு யாருடையது என்று நீங்களே வந்து முடிவு செய்யுங்கள். எனக்கு உங்கள் பக்கத்து மூக்காகத்தான் தெரிகிறது.

ஆனால் சீக்கிரம் வாருங்கள். மூன்று பெற்றவரிடம் ஒன்று கேட்க வேண்டும், எழுத்தில் கேட்டு நாளை வரை காத்திருக்க முடியாது. இன்று காலை எடை பார்த்தார்கள். நேற்றைவிட இருபது கிராம் குறைந்திருக்கிறது. மெஷின் சரியில்லையோ என்று இரண்டாம் முறை வைக்கச் சொன்னேன், அதே நம்பர்தான். "இருபது கிராம்தானேம்மா, நாளைக்கு ஏறிடும்" என்று நர்ஸ் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். எல்லோரும் சாதாரணமாகத்தான் இருக்கிறார்கள். நான் காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை.